முப்பத்தைந்தில் ஒரு பங்கு

பேருருவம் படைத்த பொருளைச் சிற்றுருவிற் சமைத்துக் கையகத்தே வைத்துக் காணவேண்டும் என்னும் அவா மக்கட்கு இயல்பாய் அமைந்தது. மணலிற் சிற்றில் இழைக்கும் சிறுமியரும், நுங்கெடுத்த கூந்தலிற் கோல் செருகி வண்டி உருட்டும் சிறுவரும் இதற்குச் சான்றாவர். நம் பொருநை நாட்டு அம்பாசமுத்திரத்திலே மரத்தைக் கடைந்து வண்ணமேற்றி விற்கும் சொப்புச் சாமான்கள், அடுக்களை முழுவதையும் ஓர் ஓலைப்பெட்டிக்குள் அடக்கிவிடுகின்றன அன்றோ? இவ்வவா வளர்ந்தோரிடத்தும் அற்றுப்போவதில்லை. அளவும் நுணுக்கமும் கூடி, அது ஒரு பயிற்சியாக மாறுகின்றது. அத்தகைய பயிற்சிகளுள் ஒன்றாகிய, போர் வண்டிகளின் மாதிரி உருக்களைப் பகுதி பகுதியாகப் பொருத்தி வண்ணந்தீட்டும் முறையை, யாம் செய்து கண்டவாறே ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

யாம் என்றது இக்கல்லூரி விடுதியில் ஓர் அறையில் உறையும் மாணவர் மூவரை. எம்முள் ஒருவருக்கு ஊர் புளியங்குடி. மேற்குத்தொடர்ச்சி மலையின் அடியில், திருமங்கலத்திலிருந்து தென்காசி வழியாகக் கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையின்மேல் அமைந்த ஊர் அது. எலுமிச்சை வாணிகத்தால் பேர்பெற்றது. முன்னர்த் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, 2019-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களிற் பிரிக்கப்பட்ட தென்காசி மாவட்டத்தில் இன்று அடங்கியுள்ளது. கோடை விடுமுறையில் யாம் மூவரும் அவ்வூரில் அந்நண்பர் இல்லத்து மாடியறையிற் கூடி, செஞ்சூரியன் என்னும் டாங்கியின் மாதிரி ஒன்றைச் செய்து முடித்தோம்.

எத்தனையோ வண்டிகள் இருக்க இதனைத் தேர்ந்த காரணத்தை முதற்கண் கூறுதல் வேண்டும். நண்பரின் தெருவிலே, இளமையில் இராணுவத்திற் பணிபுரிந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கின்றார். 1971-ஆம் ஆண்டுப் போரில் செஞ்சூரியன் டாங்கியை ஓட்டியவர் அவர். யாம் அவரைத் தாத்தா என்றே அழைப்போம். அவர் போரைப்பற்றி யாரிடமும் பேசுவதில்லை என்று ஊரார் கூறுவர். அவர் ஓட்டிய வண்டியையே செய்து அவர் கையிற் கொடுக்கவேண்டும் என்பது எம் எண்ணம். அவ்வெண்ணம் எங்ஙனம் முடிந்தது என்பது இறுதியில் விளங்கும்.

டாங்கி என்பது யாதென முதலிற் சிறிது அறிவோம். 1914-இல் தொடங்கிய பெரும்போரில் இருதிறத்துப் படைகளும் பதுங்குகுழிகளிற் புகுந்துகொண்டு, முள்வேலிக்கும் இயந்திரத் துப்பாக்கிக்கும் அஞ்சி முன்னேற மாட்டாது நின்றன. குண்டு துளைக்காத இரும்புத் தகட்டால் மூடப்பெற்று, குழியையும் சேற்றையும் கடந்து செல்லவல்ல வண்டியொன்றை ஆங்கிலேயர் இரகசியமாகச் சமைத்தனர். பகைவர் ஐயுறாதவாறு, அது நீர் கொண்டுசெல்லும் தொட்டி என்று பொருள்படும் 'டாங்க்' என்னும் பெயரால் வழங்கப்பட்டது. ஆங்கில அரசாங்க ஏடுகளில் நம் நாட்டுக் குளங்களுக்கும் அதுவே பெயர் என்பதை ஈண்டு நினைக்கலாம். 1916-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் பிரான்சு நாட்டுச் சோம் போர்க்களத்தில் அது முதன்முதல் ஏவப்பட்டது. புனைபெயராக இட்டதே உலக மொழிகளில் உரிய பெயராக நிலைத்துவிட்டது.

செஞ்சூரியன் என்பது இரண்டாம் உலகப் போரின் இறுதியில் ஆங்கிலேயர் அமைத்த டாங்கி. 1945-ஆம் ஆண்டு மே மாதத்தில், ஐரோப்பாவிற் போர் ஓய்ந்த பின்னரே அது ஆங்குச் சென்று சேர்ந்தது. பின்னர்ப் பல நாடுகள் அதனை வாங்கின. நம் நாடும் வாங்கிற்று. எடை ஏறத்தாழ 51 டன். உள்ளிருந்து இயக்குவோர் நால்வர்: ஓட்டுபவர், குறிபார்த்துச் சுடுபவர், குண்டு நிரப்புபவர், தலைவர். அதன் மீட்டியர் எஞ்சின், ஸ்பிட்பயர் விமானங்களைப் பறக்கச்செய்த மெர்லின் எஞ்சினின் வழிவந்தது. 1965-ஆம் ஆண்டிலும் 1971-ஆம் ஆண்டிலும் நிகழ்ந்த போர்களில் நம் படையின் முதன்மையான டாங்கிகளுள் இது ஒன்று. தென்னிந்தியரைப் பெரிதும் கொண்டதும், 1776-இல் தோன்றியதுமான 16-ஆம் லைட் காவல்ரி என்னும் படைப்பிரிவு அவ்விரு போர்களிலும் இவ்வண்டிகளையே செலுத்திற்று. 1971 டிசம்பரில் ஷக்கர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றங்கரையிலே நிகழ்ந்த போரில், பூனா ஹார்ஸ் படைப்பிரிவின் இளம் அதிகாரி அருண் கேதர்பால் தம் 21-ஆம் வயதில் உயிர்நீத்துப் பரம்வீர் சக்கரம் பெற்றதும் செஞ்சூரியன் டாங்கியில் இருந்தே. இதற்கிடையில் நம் மாநிலத்து ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை எழுந்தது. விஜயந்தா 1965-இல் ஆங்குத்தான் வெளிவந்தது. பின்னாளில் அர்ஜுன் டாங்கியும் ஆங்கேயே உருவாயிற்று. டாங்கி என்பது நமக்கு எங்கோ உள்ள பொருளன்று என்பதைக் காட்டவே இவற்றைக் கூறினோம்.

இனி மாதிரிக்கு வருவோம். மாதிரி என்பதன் உயிர் அளவிலே உள்ளது. எல்லாப் பகுதியும் ஒரே விகிதத்திற் குறைந்தாலன்றி அது மாதிரியாகாது. வெறும் விளையாட்டுப் பொருளேயாகும். விமான மாதிரிகளுக்கு 72-இல் ஒரு பங்கு என்னும் அளவு பெருவழக்கு. ஆறடி ஓர் அங்குலமாகும் கணக்கு அது. 1942-இல் அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் இவ்வளவிலேயே விமானங்களை மரத்திற் செதுக்கிக் கடற்படைக்கு அளித்தனர்; தம் விமானம் இது, பகைவர் விமானம் இது என வீரர்கள் ஒரு நோக்கில் அறிந்துகொள்ள அவை உதவின. டாங்கி முதலிய தரைவண்டிகளுக்கு 35-இல் ஒரு பங்கு என்பதே இன்று மிகுதியாக வழங்குகின்றது. இவ்வெண் அமைந்த வரலாறு நகைப்புக்குரியது. 1960-களின் தொடக்கத்தில் ஜப்பான் நாட்டுத் தாமியா நிறுவனத்தார் பேந்தர் என்னும் ஜெர்மானிய டாங்கியின் மாதிரியை அமைத்தபோது, உள்ளே ஒரு மோட்டாரும் மின்கலங்களும் அடங்கவேண்டும் என்று கருதி உடலின் பருமனை வகுத்தனர். வகுத்தபின் கணக்கிட்டுப் பார்க்க, அது ஏறத்தாழ 35-இல் ஒரு பங்காயிருந்தது. மின்கலத்தின் பருமனால் பிறந்த எண்ணை உலகம் முழுவதும் பின்பற்றலாயிற்று.

இவ்வளவின் கணக்கு மாணவர்க்கு நல்ல பாடமாகும். செஞ்சூரியனின் அகலம் 3.39 மீட்டர், மாதிரியில் அது 9.7 சென்டிமீட்டர் ஆகின்றது. 168 சென்டிமீட்டர் உயரமுள்ள மனிதன் 4.8 சென்டிமீட்டர் ஆகின்றான். ஆனால் நீளம் 35 மடங்கு குறையும்போது, பரப்பு 35-ஐ 35-ஆற் பெருக்கிய 1,225 மடங்கும், கன அளவு 42,875 மடங்கும் குறையும். ஆதலின் 51 டன் எடையுள்ள வண்டியை அதே இரும்பாற் சிறிதாகச் செய்தால் அது ஒரு கிலோவும் 190 கிராமும் இருக்கும். பிளாஸ்டிக் மாதிரியோ அதனினும் மிக இலேசு. இதனால் நேரும் இடர் ஒன்றுண்டு. மெய்யான டாங்கியின் சங்கிலிப் பட்டை தன் எடையாலேயே தொய்ந்து கிடக்கும். மாதிரியின் பட்டையோ நாடாவைப்போல் விறைத்து நிற்கும். அதனைத் தக்க இடங்களில் அழுத்தி ஒட்டினாலன்றிக் காண்போர் கண்ணுக்குக் கனம் தோன்றாது. செஞ்சூரியனுக்குப் பக்கத் தகடுகள் இருத்தலின் பட்டையின் மேற்பகுதி மறைந்துவிடுகின்றது; முன்னும் பின்னும் மட்டுமே யாம் அவ்வாறு செய்ய நேர்ந்தது.

பெட்டியைத் திறந்தவுடன் காண்பன, கிளைவிட்ட சட்டங்களிற் காய்த்துத் தொங்குவனபோன்ற நூற்றுக்கு மேற்பட்ட சிறு பகுதிகள். உருக்கிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சினுள் அழுத்திப் பாய்ச்சுதலால் இவை உண்டாகின்றன. சட்டம் என்பது அப்பாகு ஓடிய வாய்க்காலே. அச்சிலிருந்து எளிதிற் கழலும்பொருட்டுத் தடவிய எண்ணெய்ப்பசை பகுதிகளின்மேற் படிந்திருத்தல் கூடும். ஆதலின் எல்லாவற்றையும் சோப்பு நீரிற் கழுவி நிழலில் உலர்த்துதல் முதல் வேலை. இதனைச் செய்யாதார் பின்னர் வண்ணம் உரிவது கண்டு வருந்துவர்.

பகுதிகளைக் கையால் முறுக்கிப் பிடுங்குதல் கூடாது. சிறு வெட்டுக் குறட்டால் பகுதிக்குச் சற்றுத் தள்ளி நறுக்கி, எஞ்சிய முனையைக் கூரிய கத்தியாற் சீவி, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தல் வேண்டும். கத்தி எப்பொழுதும் நம் விரலுக்குப் புறம்பாகச் செல்லவேண்டும் என்னும் விதியை ஒருமுறை மறந்தமையால், எம்முள் ஒருவர் இரண்டு நாள் கட்டுப்போட்ட விரலோடு இருந்தார். ஒரு தடவையில் ஒரு படிக்கு வேண்டிய பகுதிகளை மட்டுமே நறுக்குதல் நன்று. எல்லாவற்றையும் நறுக்கிக் குவித்தால் எது எவ்விடத்தது என்பது தெரியாது போகும். மிகச் சிறியவற்றை எடுக்கப் பொற்கொல்லர் வைத்திருக்கும் சாமணம் போன்ற சிறந்த கருவி வேறில்லை.

இதற்குரிய பசை, காகிதத்தையும் மரத்தையும் ஒட்டும் பசை போன்றதன்று. இது பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைச் சிறிது கரைக்கின்றது. கரைந்த இரு பரப்புகளும் கலந்து, கரைப்பான் ஆவியான பின் ஒரே உடலாக இறுகுகின்றன. ஒட்டுதல் என்பதினும் பற்றவைத்தல் என்பதே பொருந்தும். இதன் நீர்மமான வகையை, இரு பகுதிகளையும் சேர்த்துப் பிடித்து, பொருத்தின் ஓரத்தில் தூரிகை நுனியால் தொட்டாற் போதும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுமாறுபோல அது இடுக்கினூடே தானே ஓடிவிடும். மிகுதியாக இட்டால் வெளியே வழிந்து, தொட்டவர் கைரேகையை மாதிரியின்மேல் என்றும் அழியாதபடி பதித்துவிடும். எம் டாங்கியின் பின்புறத்தில் அவ்வாறு பதிந்த ரேகை ஒன்றை உப்புத்தாளாற் போக்க ஒரு மாலைப்பொழுது சென்றது. இப்பசையும் வண்ணம் கரைக்கும் தின்னரும் தலைவலி உண்டாக்கும் ஆவியுடையன. சாளரங்களைத் திறந்துவைத்தே வேலை செய்தல் வேண்டும். விளக்குச் சுடரை அணுகவிடலாகாது.

டாங்கியின் கட்டமைப்பைக் கீழிருந்து மேலாகச் செய்துகொண்டு போகையில், அவ்வியந்திரத்தின் பொருள் தானே விளங்குகின்றது. செஞ்சூரியனுக்கு ஒவ்வொரு பக்கத்திலும் ஆறு இணைச் சக்கரங்கள் உண்டு. அவை இரண்டிரண்டாக மூன்று சட்டங்களில் அமைந்து, சுருள்வில்களால் தாங்கப்படுகின்றன. எஞ்சின் பின்புறத்தில் இருத்தலின், பட்டையை இழுக்கும் பற்சக்கரமும் பின்புறத்திலேயே உள்ளது. முன்தகடு செங்குத்தாக நில்லாமற் சாய்ந்து நிற்பது ஏன் என்று யாம் வினவிக்கொண்டோம். ஒரு வாழைத்தண்டை நேராக வெட்டுவதினும் சாய்த்து வெட்டினால் வெட்டுவாயின் நீளம் மிகுகின்றது அன்றோ? அதுபோலச் சாய்ந்த தகட்டினூடே நேரே வரும் குண்டு நெடுந்தொலைவு துளைக்கவேண்டியிருக்கும். சிலபோது வழுக்கி விலகியும் போகும். ஏட்டிற் பலமுறை படித்த திரிகோணக் கணிதத்தை அன்று விரலாற் தொட்டறிந்தோம்.

வானொலிக் கம்பிக்கு உரிய பகுதி பெட்டியில் இல்லை. அதனைச் செய்யும் வழி எளிது. எஞ்சிய சட்டத் துண்டு ஒன்றை மெழுகுவர்த்திச் சுடருக்குச் சற்று மேலே பிடித்து உருட்டி, அது மினுமினுத்து நெகிழும்போது விலக்கி, இருமுனையையும் மெல்ல இழுத்தால் தலைமயிர் அன்ன கம்பி கிடைக்கும். வேகமாக இழுப்பின் மெல்லியதும், மெதுவாக இழுப்பின் தடித்ததும் ஆகும். பசையைத் தொலைவில் வைத்த பின்னரே இவ்வேலையைத் தொடங்கல் வேண்டும்.

இனி வண்ணந்தீட்டல். முதலில் சாம்பல் நிறப் பிரைமர் மெல்லிதாக இடப்படும். அது வண்ணம் பற்றுதற்கு உதவுவதோடு, இடுக்குகளையும் கீறல்களையும் காட்டிக்கொடுக்கும். வண்ணம் தடிப்பாக இருத்தல் ஆகாது என்பதற்கும் கணக்கே காரணம் கூறுகின்றது. மில்லிமீட்டரிற் பத்தில் ஒரு பங்கு தடிப்புள்ள பூச்சு, மெய் வண்டியில் மூன்றரை மில்லிமீட்டர் சாந்து பூசினாற்போன்றது. திருகாணிகளின் தலையெல்லாம் அதனுள் மூழ்கிப்போம். ஆதலின் ஒரு தடித்த பூச்சினும் மூன்று மெல்லிய பூச்சுகள் மேலானவை. நிறத்தையும் மெய்யான நிறத்தினும் சற்று வெளிறச் செய்தல் மரபு. மாதிரியை ஓரடித் தொலைவிலிருந்து காண்பது, மெய் வண்டியை முப்பத்தைந்தடிக்கு அப்பாலிருந்து காண்பதற்கு ஒப்பாகும். தொலைவில் உள்ள பொருள் இடைப்பட்ட காற்றால் வெளிறித் தோன்றுவதை, நம் மலைகள் நீலமாகத் தோன்றுவதைக் கொண்டே அறியலாம்.

இவ்விடத்தில் எமக்கு ஓர் இடையூறு நேர்ந்தது. வைகாசி கழியும் காலம். குற்றாலத்துச் சாரல் தொடங்கி, புளியங்குடியிலும் மேலைக்காற்றோடு தூறல் வீசிக்கொண்டிருந்தது. ஊருக்குத் திரும்பும் நாள் நெருங்கியமையால், யாம் பொறுத்திராமற் பச்சை வண்ணத்தைத் தெளித்தோம். கால்நாழிகைக்குள் டாங்கி முழுவதும் பாலாடை படர்ந்தாற்போல் வெண்மை பூத்தது. காரணத்தைப் பின்னர் ஆராய்ந்து அறிந்தோம். தின்னர் விரைந்து ஆவியாகும்போது பரப்பின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கின்றது. குளிர்ந்த பரப்பிலே ஈரக்காற்றின் நீராவி துளியாகப் படிகின்றது. அந்நீர் உலராத வண்ணத்தினுட் சிக்கி வெண்மையாகக் காட்டுகின்றது. குளிர்ந்த நீர் நிறைந்த செம்பின் புறத்தே வியர்வை அரும்புவதும் இக்காரணத்தாலேயே. மூன்று நாள் காத்திருந்து, வெயில் காய்ந்த ஒரு நண்பகலில் மீண்டும் மெல்லிதாகத் தெளிக்க வெண்மை மறைந்தது. சாரற்காலத்தில் மாதிரிக்கு வண்ணம் தெளிப்போர் காலையும் மாலையும் விலக்குக. இயன்றால் அப்பருவத்தையே விலக்குக.

அடிவண்ணம் உலர்ந்தபின் செய்வன இரண்டு. கரும்பழுப்பு எண்ணெய் வண்ணத்தை டர்பன்டைனில் மிக நீர்க்கக் கரைத்துப் பூசினால் அது இடுக்குகளில் ஓடித் தங்கி நிழலாகும். அடுத்து, தூரிகையில் வெளிறிய வண்ணத்தைத் தோய்த்துத் துணியில் ஏறக்குறைய முழுவதும் துடைத்துவிட்டு, விளிம்புகளின்மேல் இலேசாக வருடினால் அவை வெயில்பட்டன போல் ஒளிரும். சிறு பொருளின் நிழல் சிறிதாதலின் கண்ணுக்குப் புலப்படாது. புலப்படாததைத் தூரிகையால் எழுதிக் காட்டுகின்றோம். ஓவியர் தட்டையான பரப்பில் ஆழம் காட்டும் உத்தியே இது.

எண்களும் சின்னங்களும் அச்சிட்ட படலமாகப் பெட்டியில் இருந்தன. அவற்றை நீரில் ஊறவைத்துத் தாளினின்றும் நழுவவிட்டு ஒட்டுவர். சொரசொரப்பான வண்ணத்தின்மேல் ஒட்டினால் அடியிற் காற்றுத் தங்கி வெள்ளியாய் மின்னும். ஆதலின் முதலிற் பளபளப்பான வார்னிஷ் பூசி, ஒட்டியபின் மங்கலான வார்னிஷால் மூடுதல் வேண்டும். எம் பெட்டியில் இருந்தவை ஆங்கிலப் படையின் சின்னங்கள். தாத்தாவின் வண்டிக்கு அவை ஆகா. அவ்வண்டியின் எண் யாது என்று கேட்டோம். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று, நினைவில்லை என்றார். பொய்யெண் எழுதுவதினும் எண்ணின்றி விடுவது மேல் என்று எண்ணி வெறுமையாக விட்டுவிட்டோம்.

இறுதியாக, மண்ணும் புழுதியும் படிந்த தோற்றத்தை உண்டாக்குதல். இதற்கென விற்கும் பொடிகள் உண்டு. யாமோ, ஊர் மண்ணே இருக்க விலைக்கு வாங்குவானேன் என்று, எலுமிச்சைத் தோட்டத்துச் செம்மண்ணை உலர்த்தி இடித்து மெல்லிய துணியிற் சலித்து, சக்கரங்களிலும் பட்டைகளிலும் தூவினோம். மிக அழகாயிருந்தது. அன்று மாலை அதனை ஒரு தட்டில் ஏந்தித் தாத்தாவின் வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுசென்றோம்.

அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு, நடுங்கும் விரலால் வண்டியின் முன்புறத்தில் வலப்பக்கத்து மூடியைத் தொட்டார். 'இதுதான் நான் இருந்த இடம்' என்றார். பிறகு சக்கரத்தைத் தொட்டு, விரலில் ஒட்டிய செம்பொடியை நோக்கி, 'எய்யா, இது நம்ம ஊரு மண்ணுல்லா? அங்க மண்ணு இப்படிச் செவப்பு கெடையாது' என்றார். யாம் நாணமுற்றோம். நூல்களிற் தகட்டின் பருமனும் துப்பாக்கியின் விட்டமும் தேடிய யாம், அவ்வண்டி எம்மண்ணில் ஓடிற்று என்பதை நினைக்கவேயில்லை. ஷக்கர்கர் பகுதி ஆறுகள் கொண்டுவந்த வண்டலாலாகிய சமவெளி. ஆங்குள்ள மண் சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தது. செம்மண்ணைத் துடைத்தெடுத்து, பொருநை ஆற்று வண்டலைப் பேருந்தில் வந்த நண்பரொருவர் வாயிலாக வருவித்து, சிறிது சாம்பற்பொடி கலந்து மீண்டும் இட்டோம். பச்சை நிறம் தெரிகின்றதா என்று கேட்டபோது, அந்த டிசம்பர் மாதத்தில் வண்டிகளின் நிறத்தை யார் கண்டார், சேறே அவற்றின் நிறம் என்றார். பனிமூட்டத்தையும், கண்ணிவெடி புதைத்த வயல்களுக்கிடையே முன்சென்ற வண்டியின் தடத்தை விட்டு ஒரு சாணும் விலகாமல் இரவில் ஓட்டியதையும் அன்றுதான் கூறினார். தம் தந்தை இவற்றைக் கூற யாம் கேட்டதில்லை என்று அவர் மகனார் பின்னர் எம்மிடம் சொன்னார்.

மற்றொன்றும் நிகழ்ந்தது. பெட்டியில் மனித உருவம் ஒன்றே இருந்தது. சுழல்கூண்டின் திறப்பிலிருந்து மார்பளவு தோன்றும் தலைவனுடையது. அதற்கு முகமும் சீருடையும் தீட்டி, எம் வேலையில் இதுவே சிறந்தது என்று பெருமை கொண்டிருந்தோம். தாத்தா அதனைப் பார்த்துவிட்டு, 'நாங்க நாலு பேரு இருந்தோம்யா. வச்சா நாலு பேரையும் வையுங்க. இல்லாட்டி ஒருத்தரும் வேண்டாம்' என்றார். நால்வரில் மூவரே திரும்பினர் என்பதைப் பின்பு அறிந்தோம். யாம் அவ்வுருவத்தை மெல்லக் கழற்றி எடுத்துவிட்டு, மூடிகளை மட்டும் திறந்தவாறு விட்டோம். அவ்வாறே அது இப்பொழுது அவர் வீட்டு வானொலிப் பெட்டியின்மேல் இருக்கின்றது.

விடுதிக்குத் திரும்பியபின் எம் ஆசிரியர் ஒருவர், கொலைக்கருவியை விளையாட்டாக்குதல் மாணவர்க்குத் தகுமோ என்று வினவினார். தக்க வினாவே. யாம் பெட்டியைத் திறந்த நாளில் இவ்வினா எழுந்திருப்பின் எம்மிடம் விடை இராது. பெட்டியின் மேலுறையில் தீச்சுடரும் புகையும் வீரமுமாக எழுதியிருந்த படமே அப்பொழுது எம் உள்ளத்தில் இருந்தது. வேலையினூடே அப்படம் சிறிது சிறிதாக மறைந்தது. எஃகுப் பெட்டியொன்றினுள் நால்வர் எவ்வளவு நெருங்கி அமர்ந்திருக்கவேண்டும் என்பதை, உடலின் உள்ளளவை 35-ஆற் பெருக்கிப் பார்த்தபோது உணர்ந்தோம். மண்ணின் நிறத்தைத் திருத்தியவர் வாயிலிருந்து போரின் நிறத்தையும் ஓரளவு அறிந்தோம். அளவில் வழுவாது, அறிந்தவரைக் கேட்டு, அறியாததை இட்டுக்கட்டாது செய்யும் மாதிரி போரைப் புகழ்வதாக முடியாது என்பதே யாம் ஆசிரியருக்குக் கூறிய விடை. அவர் அதனை முற்றும் ஏற்றார் என்று கூறமாட்டோம். ஆயினும் அடுத்த விடுமுறையில் என்ன செய்யப்போகின்றீர்கள் என்று கேட்டார்.

இம்முறைகள் டாங்கிக்கு மட்டும் உரியன அல்ல. உழவு இயந்திரம், சரக்கு வண்டி, கப்பல், பழைய கட்டடம் ஆகிய எதனையும் இவ்வாறே செய்யலாம். வேண்டுவன சிறு குறடு, கத்தி, உப்புத்தாள், இரண்டு தூரிகை, வெளிச்சமுள்ள ஒரு மேசை ஆகியவையும், நாளொன்றுக்கு ஒரு மணி நேரமுமே. முதன்முறை செய்வோர் பகுதிகள் குறைந்த எளிய பெட்டியையே தேர்க. யாருடைய வண்டியைச் செய்கின்றோமோ, அவரை அறிந்த பெரியவர் அருகில் இருப்பின், வண்ணம் தொடுமுன்னரே அவர் திண்ணைக்குச் சென்று கேட்டறிக. யாம் பின்னர்ச் சென்றமையாற் செம்மண்ணைத் துடைக்க நான்கு நாள் செலவாயிற்று. தனியே எடுத்த அத்தலைவன் உருவம் எம் அறைச் சாளரத்தில் இருக்கின்றது. காண விரும்புவோர் மாலை வேளையில் வரலாம்.